உதவி என்னும் சொல்

சென்ற காலபோகத்தின்போது பதினோராந் தர மாணவருக்குக் கட்டுரைப் பயிற்சியொன்று கொடுத்தேன். தலைப்பு, ‘என் தாயின் ஒரு நாள்’. தமிழாசிரியர் யாவரும் கொடுத்துவரும் தலைப்புத்தான். அதற்கு வரும் விடைகளும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றே. தாய்மையின் தியாகம், பொறுமையில் நிலமகள், தன்னை உருக்கி ஒளிதரும் மெழுகுதிரி. இவற்றைத் திருத்தித் திருத்திச் சலித்துப்போனமையால் இம்முறை நிபந்தனையொன்று விதித்தேன். உவமை கூடாது, புகழ்ச்சி கூடாது, தாய் எழுந்த நேரம் முதற் படுத்த நேரம் வரை, அரை மணிக்கொரு வரியாக, அவர் செய்தவற்றை மாத்திரம் எழுதுதல் வேண்டும். நான் படிப்பிப்பது கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் ஊரொன்றிலே. மாணவரிற் பெரும்பாலோர் வயலை நம்பிய குடும்பத்தினர். அது களை பிடுங்குங் காலம்.

29 தாள்கள் வந்தன. மெழுகுதிரி ஒழிந்தது, ஆனால் அதற்குப் பதிலாக வேறொரு சொல் தாள்தோறும் வந்து நின்றது. தகப்பனார் வயலுக்குப் போனால் ‘வேலைக்குப் போனார்’. தாய் அதே வயலுக்கு அதே பொழுதிற் போனால் ‘அப்பாவுக்கு உதவி செய்யப் போனார்’. ஒரு மாணவனின் தாளிலே, தந்தை பசளைக் கடன் விடயமாகப் பட்டணஞ் சென்றிருக்கிறார். தாய் அயற்பெண்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு பகல் முழுதும் களை பிடுங்குகிறார். அங்கும் ‘உதவி’தான். வயலில் இல்லாத ஒருவருக்கு வயலில் எவ்வாறு உதவுவது என்று கேட்டேன். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. “வயல் அப்பாவின்ரை தானே, சேர்” என்றான்.

மூன்று தாள்களில் மாத்திரம் தாய் ‘வேலைக்குப்’ போயிருந்தார். அம்மூன்று பிள்ளைகளின் வீட்டிலும் தந்தையர் இல்லை. ஒருவர் யுத்தத்தின் இறுதி மாதங்களில் இறந்தவர், ஒருவர் காணாமலாக்கப்பட்டவர், மற்றவர் வேறு குடும்பத்தோடு வேறூரில் இருப்பவர். உதவுவதற்கு ஒருவர் இல்லாதவிடத்து உதவி என்னும் சொல்லும் இல்லாமற் போகின்றது. பெண் செய்யுந் தொழில் மூன்று வீட்டிலும் இருபத்தாறு வீட்டிலும் ஒன்றே. ஆகவே தொழிலைப் பார்த்து இச்சொல் எழவில்லை என்பது தெளிவு.

அம்மாணவனின் விடையை அறியாமை என்று தள்ளிவிட என் மனம் இடங்கொடுக்கவில்லை. அவன் சொன்னது உண்மை. நம் சமூகத்திலே ஒரு மணி நேர உழைப்பு வேலையா, உதவியா, கடமையா என்பதை நிச்சயிப்பது வரம்புக்கு உட்பட்ட நிலம் யாருடைய பேரில் இருக்கின்றது என்பதே. ஆனால் ஒருவருடைய வாழ்நாளின் ஒரு பகுதிக்கு இன்னொருவருடைய உறுதிப்பத்திரம் பெயரிடலாமா என்பது அறம் பற்றிய வினா. அவ்வினாவையே ஈண்டு ஆராய விரும்புகின்றேன்.

முதலிற் பொழுதைப் பார்ப்போம். தாள்கள் பலவற்றைச் சேர்த்து நோக்கின் களைக்காலத்து நாளொன்று இவ்வாறு அமைகின்றது. நாலரை மணிக்கு அடுப்பு மூட்டப்படும். முற்றம் கூட்டல், தண்ணீர் அள்ளல், காலையுணவோடு மத்தியானச் சோறுங் கறியும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பல், ஆடு மாடு இருப்பின் அவற்றை அவிழ்த்துக் கட்டல். ஏழரைக்குள் வயல். பன்னிரண்டு வரை குனிந்த முதுகு நிமிராது. காலிலே சேற்றுப்புண், அதற்கு மருந்து மாலையிற் பூசப்படும் மஞ்சளும் எண்ணெயும். நெற்பயிருக்கும் கோரைக்கும் நெற்சப்பிக்கும் உள்ள வேற்றுமை இளம் பருவத்திலே கண்ணுக்கு எளிதிற் புலப்படாது, விரலுக்கே புலப்படும். இதனைப் பயிற்சி வேண்டாத வேலை என்று கூலி நிர்ணயிப்போர் சொல்வதுண்டு. சொல்பவர் ஒருமுறை இறங்கிப் பிடுங்கிப் பார்க்கட்டும். பயிர் எது எஞ்சுகின்றதென்று காண்போம். பகலுக்குப் பின் மீண்டும் வயல், அல்லது விறகு, அல்லது சங்கக் கூட்டம். மாலையில் மீண்டும் அடுப்பு. இரவு ஒன்பதரைக்குப் பாத்திரங் கழுவி முடியும். இடையிற் பாட்டிக்கு மருந்து, பிள்ளைக்குக் காய்ச்சல், மாமனாருக்குச் சுடுநீர் என்பன மணிக்கணக்கில் அடங்காது ஆங்காங்கே செருகப்பட்டுள்ளன. அரை மணிக்கொரு வரி என்ற என் நிபந்தனை முறிந்த இடம் அதுவே. ‘அடுப்பை ஊதிக்கொண்டு தம்பிக்குப் பாடஞ் சொன்னார், அப்போது மாட்டையும் கலைத்தார்’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். எந்த வரியில் எதை எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குந் தெரியவில்லை.

நாற்று நடுங் காலமாயின் நாளின் அமைப்பு வேறு. நாற்று நடுகை ஒரு ஹெக்ரேயருக்கு 25 முதல் 30 வரையான ஆள்நாட்களை விழுங்குவது. நமது பக்கத்தில் இன்று பெரும்பாலும் விதைப்பே. ஆயினும் முளை தவறிய இடங்களுக்கு அடர்ந்த இடத்துப் பயிரைப் பிடுங்கி நடுவது பெண்களின் கைவேலையாகவே எஞ்சியிருக்கின்றது. உழவு இயந்திரம், வரம்பு, தண்ணீர், பசளை, மருந்தடித்தல் என்பன ஆண்களுடையவை. இப்பிரிவினை இயற்கையானதன்று என்பதற்குத் தொலைவிற் சென்று சான்று தேடவேண்டியதில்லை. ஆண் இல்லாத அம்மூன்று வீடுகளிலும் பெண்ணே இரவில் வாய்க்கால் திருப்புகின்றாள்.

இனி, களை பிடுங்கும் ஒரே செயலுக்கு மூன்று நிலைகள் உள்ளன. தன் குடும்பத்து வயலிற் பிடுங்கினால் உதவி. அயலாளின் வயலில், அவள் நாளை வந்து பிடுங்குவாள் என்ற உடன்பாட்டிற் பிடுங்கினாற் கைமாறு. வேறொருவன் வயலில் நாட்சம்பளத்திற்குப் பிடுங்கினாற் கூலி. சேறும் குனிவும் விரலின் வேகமும் மூன்றிலும் ஒன்றே. மூன்றாவது நிலையில் மாத்திரம் அவளது நேரத்திற்கு ஒரு விலை சொல்லப்படுகின்றது. அவ்விலையும் ஆணின் நாட்சம்பளத்திற் குறைந்ததாகவே இருக்கும். சமமான பெறுமதியுள்ள வேலைக்குச் சமசம்பளம் என்னும் 1951 ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1993 இல் ஏற்றுக்கொண்டது. வயல்வரம்பில் அதன் குரல் இன்னுங் கேட்கவில்லை. பெண்ணுக்கு ஏன் குறைவு என்று கேட்டால், ‘அவை பாரம் தூக்கிறேல்லையே’ என்பர். களைக்கு யார் பாரந் தூக்குகிறார்கள்?

நமது குழப்பம் கிராமத்தவரின் குழப்பமாக மாத்திரம் இருப்பின் அதனைப் படிப்பினாலே தீர்த்துவிடலாம். ஆனால் படித்தவரின் கணக்கேடுகளிலும் அதுவே அரசு செய்கின்றது. ஐக்கிய நாடுகள் சபை 1953 இல் வெளியிட்டுப் பின்னர் பலமுறை திருத்திய தேசியக் கணக்கு முறை, எது ‘உற்பத்தி’ எது அன்று என்று ஓர் எல்லைக்கோடு இடுகின்றது. 1993 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வீட்டுத் தேவைக்காகவேனும் ஒருவர் விளைவிக்கும் பொருளும், அதனைப் பதப்படுத்துதலும், தண்ணீர் சுமத்தலும் உற்பத்தியுள் அடங்கும். வீட்டாருக்காகச் சமைத்தலும், துப்புரவு செய்தலும், பிள்ளை வளர்த்தலும் அடங்கா. இக்கோடு நமது அடுக்களையில் எங்கே விழுகின்றது என்று பாருங்கள். ஒரு பெண் நெல்லை இரவு ஊறவைத்து, காலையிற் கிடாரத்தில் இட்டு, உமி வெடிக்கும்வரை அவித்து, தறப்பாளிற் பரவிக் காயவிடுகின்றாள். மணிக்கொருமுறை காலாலே துழாவுகின்றாள். கோழிக்கும் மழைக்குங் காவலிருக்கின்றாள். அத்தனையும் தேசிய உற்பத்தி. அந்நெல்லை அரிசியாக்கி, அதே அடுப்பில், அதே விறகில், மறுநாட் சோறாக்குகின்றாள். அது உற்பத்தியன்று. நெல் அவிவதற்கும் சோறு அவிவதற்கும் இடையில் எங்கோ அவள் பொருளாதாரத்தை விட்டு வெளியேறிவிடுகின்றாள்! பிகூ என்னும் ஆங்கிலப் பொருளியலாளர், ஒருவன் தன் வீட்டு வேலைக்காரியை மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்பதை 1920 இலேயே கண்டு வியந்தார். வியந்துவிட்டுக் கணக்கை அப்படியே விட்டார். நியூசிலாந்தைச் சேர்ந்த மரிலின் வேரிங் 1988 இல் இக்கணக்கு முறையின்மீதே வழக்குத் தொடுத்து ஒரு நூல் எழுதினார். 2013 இல், உலகத் தொழில் தாபனத்தின் ஆதரவில் ஜெனீவாவிற் கூடிய புள்ளிவிபரவியலாளர், வீட்டாருக்காகச் செய்யும் சமையலும் பராமரிப்புங்கூட ‘வேலை’ என்பதனுள் அடங்கும் என்று தீர்மானித்தனர். அதே தீர்மானம், சொந்த உணவுக்காகப் பயிர்செய்வோரை ‘தொழில்புரிவோர்’ என்ற தொகுதியிலிருந்து வேறாக்கிற்று. ஒரு கதவு திறந்தது, இன்னொன்று சாத்தப்பட்டது.

நமது நாட்டின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களமும் 2017 இல் முதன்முறையாக நாடு தழுவிய காலப் பயன்பாட்டு அளவீடொன்றை நடாத்தியது. இது வரவேற்கத்தக்க செயல். தொழிற்படை பற்றிய கணக்குகளிலோ பெண்களில் மூன்றிலொரு பங்கினர் அளவிலேயே ‘உழைப்பவர்’. அவருள்ளும் கமத்தில் உள்ளோர் பலர் ‘ஊதியமற்ற குடும்பப் பணியாளர்’ என்னும் நிரலில் நிறுத்தப்படுகின்றனர். அந்நிரலிற் பெரும்பான்மையோர் பெண்கள். என் மாணவனின் ‘உதவி’ அரச தமிழில் எழுதப்பட்டால் இவ்வாறுதான் வரும்.

இவ்விடத்திற் கார்ல் மார்க்ஸ் மூலதனத்தின் முதற் பாகத்திற் சொன்ன பள்ளியாசிரியர் நினைவுக்கு வருகின்றார். பிள்ளைகளின் தலையிற் பாடத்தை ஏற்றுவதனால் மாத்திரம் அவர் உற்பத்தி உழைப்பாளி ஆவதில்லை. பள்ளியின் முதலாளிக்கு இலாபந் தேடிக்கொடுத்தாலே ஆவார். முதலாளித்துவத்தின் கண்ணிற் ‘பயனுள்ளது’ எது என்பதை மார்க்ஸ் ஏளனத்தோடு காட்டிய இடம் அது. நம்மிற் சிலர் அவ்வேளனத்தை விட்டுவிட்டு, அவ்வரைவிலக்கணத்தை மாத்திரம் மனனஞ் செய்துகொண்டனர்.

தமிழிலக்கியம் படித்தவன் என்ற முறையில் இன்னொரு கணக்கையும் பார்க்கவேண்டியவனாகின்றேன். திருக்குறளின் உழவு அதிகாரம் உழைப்பாளியை உலகின் அச்சாணியாக உயர்த்துவது; முற்போக்கு மேடைகளில் நாம் பெருமையோடு எடுத்தாள்வது. அப்பத்துக் குறள்களிலும் வயலில் இறங்கி உழைக்கும் பெண்ணை நான் தேடிப் பார்த்ததுண்டு. இரு குறள்களில் மாத்திரம் பெண்மை வருகின்றது. இரண்டிலும் அவள் நிலம். கணவன் சென்று பாராவிடின் மனைவியைப் போல ஊடும் நிலம். வறுமை சொல்லிச் சோம்பியிருப்பவனைக் கண்டு நகைக்கும் நிலமென்னும் நல்லாள். உழுவார் என்பது பலர்பாற் சொல், அது பெண்ணையும் அடக்கும் என்று சமாதானங் கூறலாம். இலக்கணம் அடக்குகின்றது, உவமை வெளியே நிறுத்துகின்றது.

பள்ளுப் பிரபந்தங்களில் நிலைமை வேறு. முக்கூடற்பள்ளிலும், நமது நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளிலும் பெண்கள் வயலிலே நிற்கின்றனர், நாற்று நடுகின்றனர். ஆனால் எந்தப் பெண்கள்? ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். அவர்களைப் பார்க்கும் கண் பண்ணைக்காரனின் கண்ணாகவோ புலவனின் கண்ணாகவோ இருக்கின்றது. உயர்சாதியெனப்பட்டோரின் பெண்கள் வயலிலே தென்படுவதில்லை. பெண்ணை வயலுக்கு அனுப்பாதிருத்தல் குடும்ப மதிப்பின் அடையாளமாக நம்மிடையே நெடுங்காலம் இருந்துவந்தது. இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ‘உதவி’ என்னும் சொல்லின் வேர்களுள் ஒன்று இங்கே இருக்கின்றதென நினைக்கின்றேன். வேலைக்குப் போகும் பெண் என்றாற் கூலிக்காரி. உதவிக்குப் போகும் பெண் என்றாற் குடும்பப்பெண். மானத்தைக் காப்பதற்காக உழைப்பு மறைக்கப்படுகின்றது. மறைப்பதில் அப்பெண்களும் பங்காளிகள் ஆகின்றனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பல்கலைக்கழகத்திலே நான் பள்ளிலக்கியத்தில் உழைக்கும் மக்கள் என்று நீண்ட கட்டுரையொன்று எழுதிப் பாராட்டும் பெற்றேன். அவ்வாண்டு என் விடுதிச் செலவுக்கு வந்த பணம், என் தாய் நெல் அவித்துக் குற்றி விற்ற பணம். அக்கட்டுரையில் நெல் அவிப்பது பற்றி ஒரு வரியும் இல்லை. அம்மா என்ன செய்கிறா என்று நண்பர் கேட்டால் ‘வீட்டோடை’ என்பேன்.

இடதுசாரிகளாகிய நாமும் இதில் விலக்கல்லர். வாழ்வுக்கு வேண்டிய பொருள்களை ஆக்குதல், மனிதரையே ஆக்குதல் என்னும் இரண்டையும் சேர்த்தே உற்பத்தி என எங்கெல்ஸ் 1884 இல் எழுதினார். வீட்டுவேலையின் அற்பச் சுமையே பெண்ணை நசுக்குகின்றதென்றும், சட்டசமத்துவம் மாத்திரம் போதாதென்றும், பொது உணவுச்சாலையும் பிள்ளைப் பராமரிப்பு நிலையமுமே விடுதலையின் முளைகள் என்றும் லெனின் 1919 இல் எழுதினார். இவை நம் புத்தக அலுமாரிகளில் இருந்தவையே. இந்நாட்டிலே பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்குப் பாதுகாப்புத் தேட முயன்ற பெருஞ் செயல். அதற்காக வாதாடிய நம்மவரின் மனக்கண்முன் நின்ற கமக்காரனுக்கு மீசை இருந்தது. ‘கமக்காரன்’ என்ற சொல்லுக்குப் பெண்பால் ஒன்றை எவரும் இயல்பாக வழங்க நான் கேட்டதில்லை. குடியேற்றத் திட்டங்களின் காணிகளை ஆளும் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் குறிக்கப்படாதவிடத்து மகனை முன்னும் மகளைப் பின்னும் நிறுத்திற்று. அவ்வேற்றுமையை நீக்கும் திருத்தம் 2022 இலேயே நிறைவேறிற்று. அதாவது 87 ஆண்டுகள். “வயல் அப்பாவின்ரை தானே” என்ற குரலின் பின்னால் இவ்வளவு நீண்ட சட்டம் நின்றது.

இயந்திரம் வந்தபின் பெண்ணின் பொழுது விடுபட்டதன்றோ என்று கேட்பர். நல்ல கேள்வி. குனிந்து அரிவு வெட்டிய முதுகுக்கு ஓய்வு கிடைப்பதை வெறுப்பவன் முற்போக்காளன் ஆகான். யுத்தம் 2009 இல் முடிந்து மக்கள் மீளக்குடியேறிய பின்னர் அறுவடை இயந்திரம் இப்பக்கத்து வயல்களில் விரைவிற் பரவிற்று. கூலிப்பெண்கள் பலர் வாரக்கணக்கில் வெட்டி, உப்பட்டி கட்டி, சூடு வைத்த வேலையை இயந்திரம் ஓரிரு நாளில் முடிக்கின்றது. சொந்த வயலுள்ள பெண்ணுக்கு இது பெரும் ஆறுதல். வயலில்லாத பெண்ணுக்கோ ஆண்டில் அவள் கையிற் பணமாக வந்த சில நாட்களே இல்லாமற் போயின. அவளுக்குக் கிடைத்த பொழுதை ஓய்வு என்று அழைப்பது வேலையில்லாதவனை விடுமுறையில் இருப்பவன் என்று அழைப்பதற்கு ஒப்பாகும்.

களைநாசினியின் கதை இன்னும் தெளிவானது. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையினதும் கமத்தொழில் இரசாயனங்களினதும் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது; அவ்வாண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. பசளையின்மையால் விளைச்சல் வீழ்ந்தமை பற்றி யாவரும் எழுதினர். களை பற்றி எழுதினோர் சிலரே. மருந்து கிட்டாத வயலிற் களையைக் கையாற் பிடுங்கலாம் என்று அறிவுரை கூறியோர், யாருடைய கையால் என்று கேட்கவில்லை. கிராமத்துப் பெண்களின் பொழுது எங்கோ குவிந்துகிடக்கும் பொதுச்சொத்து, வேண்டியபோது வேண்டியவளவு அள்ளலாம் என்ற எண்ணம் அவ்வறிவுரையின் அடியில் இருந்தது. நஞ்சில்லாத வயலை நானும் விரும்புகின்றேன். ஆயினும் அதன் செலவை யாரேனும் ஒருவருடைய முதுகு கொடுக்கும் என்றால், அம்முதுகுக்குரியவரைக் கேட்டுச் செய்வதே நியாயம்.

இனி, இக்கட்டுரையை வாசிக்கும் ஆண்கள் மனத்தில் எழும் ஆட்சேபத்தையும் மறைக்கக்கூடாது. ஆணும் உழைக்கின்றான். பனியில் இரவு முழுதும் யானைக்குக் காவலிருப்பவன் அவன். நஞ்சு நிறைந்த தாங்கியை முதுகிற் சுமப்பவன் அவன். கடன்காரன் வாசலில் நிற்கும்போது முகங்கொடுப்பவனும் பெரும்பாலும் அவனே. அவனது உழைப்பின் பயனை ஆலைக்காரனும் தரகனும் வட்டிக்காரனும் பங்கிட்டுக்கொள்கின்றனர். சுரண்டப்படும் ஒருவனை அவன் மனைவியின் சுரண்டலாளன் என்று சொல்வது வர்க்க ஒற்றுமையைக் குலைக்காதா என்று நண்பரொருவர் கேட்டார். மணிக்கணக்கை ஒருபுறம் வைப்போம் என்றே அவருக்குச் சொன்னேன். ஆணின் உழைப்புக்கு ஓர் எல்லை உண்டு. வரம்பை விட்டு ஏறிக் கால் கழுவியபின் அவனை யாரும் எழுப்பமாட்டார்கள். எழுப்பினால், எழுப்புவதற்கு ஒரு காரணஞ் சொல்வார்கள். அவள் எந்த நேரமும் எழுப்பப்படக்கூடியவள். காரணஞ் சொல்லவேண்டியதுமில்லை. ஒருவருடைய பொழுதினுள் மற்றவர் கேளாமல் நுழையலாம் என்பது எப்பெயரால் நடந்தாலும் ஓர் ஆதிக்கமே. அன்பின் பெயரால் நடக்கும்போது அதனைக் காண்பது மிகக் கடினம். ஏனெனில் அங்கே அன்பும் உண்மையாகவே இருக்கின்றது.

அப்படியாயின் எண்ணுவதாற் பயன் என்ன? இதுபற்றி எனக்கிருந்த உறுதியை ஒரு தாய் அசைத்துவிட்டார்.

தாள்களைத் திருத்திக் கொடுத்த மறுநாள், இடைவேளையில், அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சேலையின் கீழோரம் ஈரமாக இருந்தது. வயலிலிருந்து நேரே வந்திருந்தார். மகள் எழுதிய தாளைப் பார்க்கவேண்டும் என்றார். நின்றபடியே முழுவதையும் வாசித்தார். நாலரை மணி அடுப்பு, ஏழரை வயல், இரவுப் பாத்திரம் எதைப்பற்றியும் அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. ஒரு வரியில் விரலை வைத்து, “இதை வெட்டிவிடுங்கோ, சேர்” என்றார். ‘பின்னேரம் 2 மணி முதல் 2.30 வரை அம்மா விறாந்தையிற் படுத்திருந்தார்’ என்பது அவ்வரி.

படுத்திருப்பதிலே பிழையென்ன, உழைத்த உடம்புக்கு ஓய்வு உரிமையல்லவா என்று ஆசிரியத் தோரணையிற் சிறு பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அது எனக்குத் தெரியும், சேர். வாசிக்கிற ஆக்களுக்குத் தெரியாது” என்றார். சற்று நின்று, “எண்ணினாப்போலை கூலி கூடுமோ?” என்றும் கேட்டார். நான் விடை சொல்லவில்லை.

அன்றிரவு இதனைப் பலவாறு சிந்தித்தேன். அவரது பதினேழு மணி நேர உழைப்பை உலகுக்குக் காட்டவேண்டும் என்பது என் நோக்கம். அவருடைய வீட்டிலே அத்தாள் வேறு விதமாக வாசிக்கப்பட்டிருக்கின்றது. உழைப்பு முழுவதும் அங்கே யாவருக்கும் தெரிந்த செய்தி. அரைமணி ஓய்வே புதிய செய்தி. அந்த அரைமணியை அவர் நாளின் மடிப்புக்குள் ஒளித்துவைத்திருந்தார். என் பயிற்சி அதனை வெளியே இழுத்துப்போட்டது. அளப்பவன் கையில் அதிகாரம் இருக்கும்போது அளவுகோல் அளக்கப்படுபவரைக் காப்பதில்லை. தொழிற்சாலையிற் கடிகாரம் வந்தபோது முதலில் அது முதலாளியின் கடிகாரமாகவே வந்தது. தொழிலாளர் சங்கமாகத் திரண்டு எட்டு மணி நேரம் என்று கேட்டபின்பே அதே கடிகாரம் அவர்களுக்குச் சாட்சி சொல்லத் தொடங்கிற்று. வயற்பெண்ணுக்கு அத்தகைய சங்கம் இல்லை. கமக்கார அமைப்பின் கூட்டங்களில் அவர் பாயின் ஓரத்தில் இருப்பார். குளத்து நீர் எப்போது திறப்பதென்று தீர்மானிக்கும்போது களைக்கு எத்தனை நாள் வேண்டும் என்று எவரும் அவரிடம் கேட்பதில்லை. அக்கேள்வி அங்கே கேட்கப்படும் நாளில், அவருடைய மணிகளை அவரே எண்ணிச் சொல்லுவார். அதுவரை எண்ணுவதை நிறுத்துவதா? அதுவும் சரியென்று எனக்குப் படவில்லை. எண்ணாவிடின் பழையபடி மெழுகுதிரிக்கே போய்ச் சேருவோம். ஆனால் யாரைக் கேட்டு எண்ணுவது, எண்ணிய தாள் யாரிடம் இருப்பது என்பவற்றை முன்கூட்டியே நான் யோசித்திருத்தல் வேண்டும்.

அந்த வரியை வெட்டிக் கொடுத்தேன். அவருக்கு நன்றாகத் தெரியும்படி இரண்டு முறை கோடிழுத்தேன்.

சிறுபோகம் தொடங்கியபின் அதே வகுப்புக்கு ‘என் தந்தையின் ஒரு நாள்’ என்ற பயிற்சியைக் கொடுத்தேன். அதனைக் கேட்டவன் முன்பு சிரிக்காதிருந்த அம்மாணவனே. இம்முறை பிள்ளைகளிடம், வீட்டிற் கேட்டு, எழுதலாம் என்று சொன்னவற்றை மாத்திரம் எழுதுங்கள் என்றேன். தந்தையர் ஒருவரும் மறுக்கவில்லை. தண்ணீர் பாய்ச்சியதும் மருந்தடித்ததும் வங்கியிற் காத்திருந்ததும் விரிவாக எழுதப்பட்டிருந்தன. ‘பின்னேரம் சந்தியில் இருந்து கதைத்தார்’ என்ற வரி பதினொரு தாள்களில் இருந்தது. அதனை வெட்டுவிக்க எவரும் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.